என் லேப்டாப்பை மட்டும் நம்பிய ரிப்பீட்டர்

நம் ஆபீஸ் பான்ட்ரி சுவரில் காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்கிறீர்களாம். மணமகன், மணமகள், பக்கத்தில் ஐயர், நடுவில் ஒரு வழுக்கைத் தலை. அந்தத் தலை என்னுடையதுதான். நான் பெண் வீட்டுச் சொந்தம் இல்லை. மாப்பிள்ளைத் தோழனும் இல்லை. சாப்பாட்டுக்குப் போனவன் வழி தவறி மேடை ஏறிவிட்டான் என்று ஒரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். அவர் பாயான் லெப்பாஸில் நடக்கும் வேலையை முடித்துக்கொண்டு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

முட்டி ஏணி ஏற மறுத்துவிட்டதால் வேலையை விடுகிறேன். போவதற்கு முன் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பாஸ் சொன்னார். நான் பேசினால் என்ன ஆகும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒருமுறை நன்றி சொல்ல எழுந்தவன், 'எல்லாருக்கும்' என்று ஆரம்பித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அதற்காகத்தான். கூரைத் தட்டிகளுக்கு மேலே யாரும் உங்களை நலம் விசாரிப்பதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தமிழ்ப்பள்ளியில் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

ரிப்பீட்டரை எப்படி மாட்டுவது என்று சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், ஒரு முனையில் வரும் இணையத்தை வாங்கி அடுத்த மூலைக்குத் தள்ளிவிடும் டப்பா, அவ்வளவுதான். அதன் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அமைப்பையும் நாம் 'ஆப்ஜெக்ட்' என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைச் சொல்லிக் கேட்டால் 'திறந்திருக்கிறேன்' என்றோ 'மூடியிருக்கிறேன்' என்றோ பதில் வரும். எழுதும் அனுமதி இருந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே திறந்ததை மூடலாம், மூடியதைத் திறக்கலாம். யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் கிடையாது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான் ஆயிரம் பேர் பார்க்க மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் அந்தக் கல்யாண மண்டபம். தலைக்கு மேலே கார் நிறுத்தும் தளம், சுற்றிலும் கனத்த சுவர். உள்ளே வந்ததும் கைப்பேசிக்கு உயிர் போய்விடும். அதனால்தான் வாசலிலிருந்து மேடைவரை வரிசையாக ரிப்பீட்டர் வைத்துக் கொடுத்தோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ரஹிம் அண்ணே. நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் காது ரெண்டும் சிவந்துவிடும். அன்று சிவந்துதான் இருந்தன.

"தம்பி, போன வாரக் கல்யாணத்துல பாஸ்வேர்ட எவனோ ஊருக்கே சொல்லிட்டான். ஆளாளுக்கு வீடியோ ஓட்றான். பொண்ணு வீட்டு லைவ் வீடியோ அப்படியே நின்னு போச்சு. எல்லாரும் என்னைப் புடிச்சு ஏசறான். ஒரு பூட்டு போட்டுக் குடு லா."

போட்டேன். ரொம்ப நன்றாகவே போட்டேன். முதல் காரியமாக, ரிப்பீட்டர்களின் அமைப்பை மாற்றி எழுதுவதை மண்டப ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே செய்ய முடியும் என்று வைத்தேன். வேறு எங்கிருந்து எழுதினாலும் ரிப்பீட்டர் காதில் வாங்காது. அடுத்து, மேடை ரிப்பீட்டரைக் கற்றுக்கொள்ளும் நிலையில் விட்டேன். அந்த நிலையில் அது முதலில் தன்னிடம் வந்து சேரும் இயந்திரத்தின் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வேறு யார் வந்தாலும் அந்நியன். மறுநாள் காலை கல்யாணத்தை வீடியோ எடுத்து நேரலையாக அனுப்பப் போகும் முரளியின் லேப்டாப்பை அதில் செருகச் சொல்வதாகத் திட்டம்.

அந்நியன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஓர் ஆப்ஜெக்ட் உண்டு. கேபிள் செருகும் வாயையே மூடிவிடலாம், அல்லது அந்நியனை மட்டும் திருப்பி அனுப்பலாம். மூடினால்தான் பாதுகாப்பு அதிகம். ஆனால் மூடிக்கொண்டால் திறக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், வந்தால் பத்துப் பேரிடம் பேச வேண்டும் என்று நினைத்து, திருப்பி அனுப்பினால் போதும் என்று விட்டேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் சரியாக அமைந்தது அது ஒன்றுதான். அதற்கும் காரணம் அறிவு இல்லை, ஆள் பயம்.

எல்லாம் முடிந்ததும் லைன் வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. மேடை ரிப்பீட்டரில் என் லேப்டாப்பைச் செருகினேன். அழகாக வந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சிரிக்கிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள், எனக்கே மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் கல்யாணப் பெண் ஷாமினி. அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு ஓரிரு நாளுக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பாலம் தாண்டி ஆம்புலன்ஸிலாவது வருகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தாராம், நடக்கவில்லை. தேதியை மாற்ற வேண்டாம் என்று அவரேதான் சொன்னார். கேட்டது ஒன்றுதான், பெண் கழுத்தில் தாலி ஏறுவதை அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். படம் பிடித்து அப்புறம் காட்டுகிற பேச்சே கூடாது. ஷாமினியின் தம்பி ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இதெல்லாம் எனக்கு மேடைக்குப் போன பிறகுதான் தெரியும். ரஹிம் அண்ணே முந்தின நாளே சொல்லியிருந்தார், கல்யாணத்தில் நீயும் ஓர் ஓரமாக இரு, வரும்போது கொஞ்சம் மரியாதையாக உடுத்திக்கொண்டு வா என்று. அதனால் வேட்டி கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் தூண் மறைவில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முரளி வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, லைன் வரல லா."

மேடைக்குப் பின்பக்கமாகப் போய், மணவறைத் தூணின் அடியில் இருந்த ரிப்பீட்டரில் என் லேப்டாப்பைச் செருகினேன். வந்தது.

"எனக்கு வருதே."

அவன் தன்னுடையதைச் செருகினான். வரவில்லை. நான் செருகினேன். வந்தது.

"உன் லேப்டாப்பு சரியில்ல போல முரளி."

"அலாமா! போன மாசம்தான்ணே வாங்குனேன். உங்களோடதுதான் மியூசியத்துல வைக்க வேண்டியது. அதுக்கு வருது, இதுக்கு வரலியா? நீங்க என்னாண்ணே, அதுக்குள்ள சொந்தக்காரன் யாரையாச்சும் வச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் உச்சந்தலையில் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. சொந்தக்காரன் இருந்தான். நேற்று முதல் ஆளாக வந்து கை குலுக்கியவன் நான்தான். ரிப்பீட்டர் என் லேப்டாப்பை மணமகனாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதைத் திருத்துவது சின்ன வேலைதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழைய முகவரியை அழித்துவிட்டு முரளியின் முகவரியை எழுத வேண்டும். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். ரஹிம் அண்ணே கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"அண்ணே, இது எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"காலையில அதுவே கேட்டுச்சு தம்பி, அப்டேட் பண்ணட்டுமான்னு. சரி, இன்னிக்கு விசேஷ நாளாச்சே, எல்லாம் புதுசா இருக்கட்டும்னு அமுக்கிட்டேன்."

வேறு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதினாலும் ரிப்பீட்டர் கேட்காது. அவ்வளவு நல்ல பூட்டு. போட்டவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேடைக்குத் திரும்பி ஓடினேன். அங்கே ஷாமினியின் அத்தை எனக்காகக் காத்திருந்தார். அப்பாவின் தங்கை. அந்தக் கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தது அவர்தான். நாதஸ்வரத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"என்னாப்பா நடக்குது? இப்பதான் வாசல்ல போயி போன் பண்ணிட்டு வர்றேன். எங்கண்ணன் அங்க கருப்புத் திரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. ஐயரு மணியப் பாக்குறாரு."

"வாசல்லதான் போன் லைன் இருக்கே," என்றான் முரளி. "அங்க இருந்து போன்லயே..."

"அப்ப மணவறையைத் தூக்கிட்டு வாசலுக்குப் போலாமா? நீ தூக்கறியா?"

ஐயர் தன் பங்குக்குச் சொன்னார், "முகூர்த்தம் முடியப் போகுது. இன்னும் கொஞ்சம் மந்திரம் இழுத்துச் சொல்றேன். அதுக்கு மேல எங்கிட்ட ஸ்டாக் இல்ல."

ஷாமினி தலையைத் திருப்பவில்லை, திருப்ப முடியாத அளவுக்குத் தலையில் பூ. நேராகப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அப்பா வந்துட்டாங்களா?"

"இதோம்மா," என்றேன்.

"அப்பா பாக்காம வேணாம்ணே."

இப்படி ஒரு நிலைமையில் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ரீசெட் ஓட்டைதான். முரளிக்கும் வந்தது.

"அண்ணே, பின்னாடி ஓட்டை இருக்குல்ல? ஊசியால ஒரு குத்து. எல்லாம் மறந்துடும், புதுசா ஆரம்பிக்கலாம்."

அத்தை ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. முந்தானையில் குத்தியிருந்த ஊசியை உருவி என் கையில் கொடுத்தார். "குத்துப்பா."

ஊசியை வாங்கினேன். குனிந்து ஓட்டையைத் தேடவும் செய்தேன். இதை மறைக்க முடியாது, முரளியின் வீடியோவில் இருக்கிறது.

என்னை இந்தத் தொழிலுக்கு எடுத்த சீன ஃபோர்மேனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே லைன் செத்தாலும், ஆட்கள் கத்தக் கத்த, முதலில் ரெண்டு கையையும் கால்சட்டைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சும்மா நிற்பார். சோம்பேறி என்று நான் நினைத்ததுண்டு. பிறகுதான் புரிந்தது, கை பாக்கெட்டில் இருக்கும்வரை அது எதையும் கெடுக்காது. அன்று எனக்கும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளத் தோன்றியது. வேட்டியில் பாக்கெட் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஊசி அக்குளில் குத்தியது. அத்தை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

ஆனால் அப்படி நின்றதால் ரெண்டு விஷயம் யோசிக்க முடிந்தது. ரீசெட் செய்தால் அந்த ரிப்பீட்டர் என் லேப்டாப்பை மட்டும் மறக்காது. தனக்கு முன்னால் இருக்கும் ரிப்பீட்டரையும் மறந்துவிடும். அதற்கும் இதற்கும் மறுபடி சம்பந்தம் பேசி முடிக்க ஆபீஸ் கம்ப்யூட்டர் வேண்டும். அங்கே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு லேப்டாப்புக்காவது லைன் இருக்கிறது, குத்தினால் அதுவும் போய்விடும்.

இதுதான் ரெண்டாவது விஷயம். ஒரு லேப்டாப்புக்கு லைன் இருக்கிறது.

நெருக்கடியில் எல்லாரும் செத்துப்போனதையே பார்த்துக்கொண்டிருப்போம். எது இன்னும் ஓடுகிறது என்று கேட்க மாட்டோம். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அக்குளில் ஊசி தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவைப்பட வேண்டாம்.

ஊசியை அத்தையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"முரளி, உன் கேமரா வயர என் லேப்டாப்புல போடு. உன்னோடத தள்ளி வை. என்னோடது வழியா அனுப்பலாம்."

"மியூசியம் தாங்குமாண்ணே?"

"தாங்கும். போடு."

கேமரா வயர் நீளமானது, எட்டியது. பிரச்சினை ரிப்பீட்டரிலிருந்து என் லேப்டாப்புக்கு வரும் கேபிள். என்னிடம் இருந்தது சோதனைக்கு வைத்திருக்கும் ஒரு முழம் கேபிள். அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி வேறு உடைந்துபோயிருந்தது. கையை எடுத்தால் நழுவி விழுந்துவிடும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நான் நாள் கடத்திக்கொண்டிருந்த கேபிள் அது. உங்கள் பையில் அப்படி ஒன்று இருந்தால் இதைப் படித்து முடித்ததும் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஆகவே லேப்டாப் தூணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேபிளை ஒரு கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. முரளி கேமராவுக்குப் போய்விட்டான். மணமகனுக்கும் மணமகளுக்கும் சரியாக நடுவில், அவர்களுக்குப் பின்னால், தூணடியில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்து, இடது கட்டைவிரலால் கேபிளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மண்டபம் முழுக்க முகங்கள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரை கொஞ்சம் நடுங்கியது. பிறகு தலையணை, வெள்ளைப் போர்வை, அதன் மேல் ஒரு முகம். மழித்து, திருநீறு பூசி, ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலே பட்டுத் துண்டு போட்டிருந்தார். முரளி சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டான்.

"அப்பா, தெரியுதாப்பா?" என்றாள் ஷாமினி.

"தெரியுதும்மா. எல்லாம் நல்லாத் தெரியுது." மண்டபம் முழுக்க அவர் குரல் கேட்டது. "ஆனா நடுவுல ஒரு மண்டை தெரியுது. யாரும்மா அது? மாப்பிள்ளைக்கு அண்ணனா?"

"வயர்மேன்ப்பா."

"வயர்மேன கொஞ்சம் குனியச் சொல்லும்மா. வெளிச்சம் அடிக்குது."

ஆயிரம் பேர் சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார். நான் குனிந்தேன். முகத்தைத் திரைக்குப் பின்னால் புதைத்துக்கொண்டேன். பான்ட்ரிப் படம் அதற்கு ஒரு நொடி முந்தி எடுத்தது.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய முகம் மட்டும்தான். அவர் பார்த்தார். கண்ணைச் சிமிட்டாமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கடைசி முடிச்சுவரை பார்த்தார். மேலேயிருந்து மஞ்சள் அரிசி என் வழுக்கையிலும் கீபோர்டிலும் கொட்டியது. லைன் நிற்கவில்லை.

அவ்வளவுதான், வேலை முடிந்தது, மெதுவாக நழுவிவிடலாம் என்று நினைத்தேன். அத்தை விடவில்லை.

"ஆசீர்வாதம் வாங்குங்க. முதல்ல அப்பாகிட்ட."

அப்பா என் மடியில் இருந்தார். முரளி ஓடிவந்து லேப்டாப்பை ஒரு நாற்காலியில் வைக்கலாம் என்று கை நீட்டினான்.

"தொடாத!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "கேபிள் விழுந்துடும்."

"அப்ப நீ அப்படியே உக்காருப்பா," என்றார் அத்தை. "அசையாத."

மணமக்கள் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்கள். காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், மரத்துப்போயிருந்தது. பட்டுப் புடவையும் மாலையும் சரசரக்க ரெண்டு பேரும் விழுந்து வணங்கினார்கள். வாழ்நாளில் என் முன்னால் யாரும் குனிந்ததில்லை, ஸ்குரூ தேடுவதற்குத் தவிர. திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணே, பிள்ளைங்க குனிஞ்சு கிடக்குதுங்க," என்றார் அத்தை. "ஆசீர்வாதம் பண்ணுங்க."

அவர் கையைத் தூக்கினார். ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த கை. திரைவரை வந்து நின்றது.

"கையில அரிசி இல்லியே," என்றார். "வயர்மேன் தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"எனக்குப் பதிலா நீங்க போடுங்க. நான் சொல்றேன், நீங்க போடுங்க."

நான் எப்படிங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை என் வலது கையைப் பிரித்து அரிசியைத் திணித்துவிட்டார். திரையில் அப்பா பேச ஆரம்பித்தார். தன் மனைவி உயிரோடு இல்லாததைச் சொன்னார். மாப்பிள்ளையிடம், இவள் கோபக்காரி, ஆனால் காலையில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடுவாள் என்று சொன்னார். நல்லா இருக்கணும் என்று சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். இடது கட்டைவிரலைக் கேபிளிலிருந்து எடுக்காமல், அரிசி ஒரே பிடியில் தீர்ந்துவிடக் கூடாதே என்று, அவர் பேசி முடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன்.